சென்னையைச் சுட்ட எம்டனும் 24 மணி நேரச் சட்டமும்

துடுக்கும் தந்திரமும் நிறைந்த ஆளைக் கண்டால், "அவன் சரியான எம்டன்!" என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர். ஜெர்மனி நாட்டுப் போர்க்கப்பல். சென்னைப் பட்டணத்தின் மீது குண்டு வீசிய கப்பல்.

குண்டு வீச்சுக் கதை பலருக்கும் தெரியும். அந்தக் கப்பலுக்கும் ஒரு சட்டத்துக்கும் நடந்த ஓட்டப் பந்தயம் அவ்வளவாகத் தெரியாது. யுத்தத்தில் சேராத நாட்டின் துறைமுகத்துக்குள் ஆயுதம் தாங்கிய கப்பல் நுழைந்தால் என்ன செய்வது என்பதுதான் அந்தச் சட்டம். எம்டன் சென்னைக்கு வந்ததிலும், பின்னால் அதன் மாலுமிகள் தப்பிப் போனதிலும் அந்தச் சட்டத்துக்குப் பங்கு உண்டு.

எண்ணெய் எரிந்தது!

1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி. செவ்வாய்க்கிழமை. முதல் உலக யுத்தம் தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. யுத்தம் எங்கோ ஐரோப்பாவில் நடக்கிறது என்று சென்னை மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். பட்டணத்தில் விளக்குகள் வழக்கம்போல் எரிந்தன.

இரவு ஒன்பதரை மணி இருக்கும். கடலில் ஒரு பெரிய வெளிச்சம் தோன்றியது. அது கரையைத் துழாவியது. துறைமுகத்தை ஒட்டி இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது வந்து நின்றது. உடனே பீரங்கிகள் முழங்கின.

கப்பல் கரையிலிருந்து சுமார் 3 ஆயிரம் கஜ தூரத்தில் நின்றது. ஏறக்குறைய 130 குண்டுகளை வீசியது. இரண்டு தொட்டிகள் தீப்பிடித்தன. மூன்று லட்சம் காலனுக்கும் அதிகமான மண்ணெண்ணெய் எரிந்து நாசமாயிற்று. துறைமுகத்தில் நின்ற வியாபாரக் கப்பல் ஒன்றின் மீதும் குண்டுகள் விழுந்தன. குறைந்தது ஐந்து பேர் உயிர் இழந்தனர். கரையில் இருந்த பீரங்கிகளும் பதிலுக்குச் சில குண்டுகளை வீசின. ஒன்றும் கப்பல் மீது படவில்லை. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கப்பல் இருளில் மறைந்தது.

மறுநாள் பட்டணம் காலியாகத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். ரெயில்களில் இடம் இல்லை. திரும்பவும் எம்டன் வரும் என்று பேச்சு. ஆனால் எம்டன் சென்னைக்குத் திரும்பி வரவில்லை.

சென்னைக்கு வழிகாட்டியவர் செண்பகராமன் பிள்ளை என்றும், அவர் எம்டனிலேயே இருந்தார் என்றும் ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அவர் ஜெர்மனியில் இருந்து இந்திய விடுதலைக்குப் பாடுபட்டவர். அது உண்மை. கப்பலில் இருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. கதை இனிப்பாக இருக்கிறது என்பதற்காக அதைச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பசி எடுக்கும் கப்பல்

எம்டனின் தலைவர் காப்டன் கார்ல் வான் முல்லர். அவருக்கு அடுத்த அதிகாரி ஹெல்முத் வான் மூக்கே. இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருவார்.

எம்டனில் 10 பீரங்கிகள் இருந்தன. வேகமான கப்பல். ஆனால் அதற்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. அது நிலக்கரியில் ஓடும் கப்பல்.

நிலக்கரி என்றால் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ராயபுரம், காசிமேட்டுக்காரர்கள் துறைமுகத்தில் கரி இறங்குவதைப் பல காலம் பார்த்தவர்கள். காற்றில் பறந்துவந்த கரித்தூளைத் துடைத்தவர்கள். 2001-ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் திறந்ததே மின்சார நிலையங்களுக்குக் கரி இறக்கத்தான். ஒரு கப்பல் கரியைச் சுமந்து வருவது வேறு. அதையே தின்று ஓடுவது வேறு. எம்டன் சில நாட்களுக்கு ஒரு முறை கரி ஏற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கடலில் வெறும் இரும்புப் பெட்டியாக நிற்கும்.

கரி ஏற்ற அமைதியான கடல் வேண்டும். கரையோரம் வேண்டும். இந்தியக் கரையில் பெரும்பகுதி பிரிட்டிஷார் கையில். பர்மா, மலாயா, இலங்கை எல்லாம் அவர்கள் கையில். ஜெர்மனிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு துறைமுகம்கூட இல்லை. மிச்சம் இருந்தது டச்சுக்காரர் ஆண்ட தீவுகள். சுமத்ரா, ஜாவா, செலிபீஸ் முதலிய அந்தத் தீவுகள்தாம் இன்றைய இந்தோனேசியா. டச்சுக்காரர்கள் அந்த யுத்தத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை. நடுநிலை வகித்தார்கள்.

நடுநிலை நாட்டின் துறைமுகத்தில் எம்டன் நுழைந்து, நிம்மதியாகக் கரி ஏற்றிக்கொண்டு போகலாமா? கூடாது என்றது சட்டம். அந்தச் சட்டம் பிறந்த கதை வேடிக்கையானது.

விருந்தினருடன் கிளம்பிய கப்பல்

1862-ம் ஆண்டு. அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டு யுத்தம். இங்கிலாந்து நடுநிலை. லிவர்ப்பூலுக்கு எதிர்க்கரையில் பெர்க்கன்ஹெட் என்ற ஊரில் ஒரு புதுக் கப்பலைக் கட்டினார்கள். வியாபாரக் கப்பல் என்று சொன்னார்கள். தெற்குக்காரர்களுக்காகக் கட்டும் போர்க்கப்பல் அது என்று அமெரிக்கத் தூதர் கூவினார். "பிடித்து வையுங்கள்" என்று மனு மேல் மனு கொடுத்தார்.

காகிதங்கள் சர்க்காரின் சட்ட அதிகாரி வீட்டுக்குப் போயின. அவருக்கோ அப்போது மனநிலை சரியில்லை. யாருக்கும் அது தெரியாது. காகிதங்கள் பிரிக்கப்படாமல் சில நாட்கள் அங்கேயே கிடந்தன.

அதற்குள் கப்பல்காரர்கள் ஒரு நாடகம் ஆடினார்கள். "வெள்ளோட்டம் பார்க்கிறோம்" என்று சொல்லி, சீமான்களையும் சீமாட்டிகளையும் விருந்தினராக ஏற்றிக்கொண்டு கப்பலைக் கடலுக்கு ஓட்டினார்கள். நடுவழியில் விருந்தினரைச் சிறு கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். பெரிய கப்பல் திரும்பவே இல்லை. அசோர்ஸ் தீவுகளுக்குப் போய்ப் பீரங்கிகளை ஏற்றிக்கொண்டது. அலபாமா என்று பெயர் சூட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டில் 60-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கப்பல்களை அழித்தது அல்லது பிடித்தது.

அந்த அலபாமா நம் கடலுக்கும் வந்தது. 1864-ம் ஆண்டு ஜனவரி மாதம் மலையாளக் கரைக்கு அப்பால் எம்மா ஜேன் என்ற அமெரிக்கக் கப்பலைப் பிடித்து எரித்தது. அதில் இருந்தவர்களைத் திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிற்று. அதே ஆண்டு ஜூன் மாதம் பிரான்சுக் கரைக்கு அருகே நடந்த சண்டையில் மூழ்கியது.

யுத்தம் முடிந்ததும் அமெரிக்கா வழக்குப் போட்டது. "உங்கள் நாட்டில் கட்டிய கப்பல். நாங்கள் எச்சரித்தும் பிடித்து வைக்கவில்லை. நஷ்டத்தைக் கொடுங்கள்" என்றது. ஜெனிவா நகரில் ஐந்து நாட்டு நடுவர்கள் விசாரித்தார்கள். 1872-ல் தீர்ப்புச் சொன்னார்கள். இங்கிலாந்து 1 கோடியே 55 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை. சில நாட்கள் காகிதம் தூங்கியதற்கு விலை!

அதன் பிறகு எல்லா நாடுகளும் விழித்துக்கொண்டன. 1907-ம் ஆண்டு அக்டோபர் 18-ந்தேதி ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் கடல் யுத்த நடுநிலை பற்றி ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது.

சட்டம் சொல்வது என்ன?

நடுநிலை நாட்டுத் துறைமுகத்தில் சண்டைக்கார நாட்டுப் போர்க்கப்பல் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. அந்த நாடு வேறு விதி செய்திருந்தால் அந்த விதிப்படி நடக்கலாம். புயல் அடித்தாலோ, கப்பல் பழுதுபட்டிருந்தாலோ கூடுதல் நேரம் உண்டு. பழுது பார்க்கலாம். ஆனால் கடலில் மிதந்து போவதற்கு வேண்டிய அளவுக்குத்தான். பீரங்கியைச் சரிசெய்து கொள்ளக் கூடாது. ஆயுதமும் ஆளும் சேர்க்கக் கூடாது. சாப்பாட்டுச் சாமான் சமாதான காலத்து அளவுக்கு வாங்கலாம். கரி, தன் நாட்டின் மிக அருகிலுள்ள துறைமுகம் போய்ச் சேரும் அளவுக்குத்தான். ஒரு முறை வாங்கினால் அதே நாட்டின் துறைமுகங்களில் மூன்று மாதத்துக்கு மறுபடியும் வாங்க முடியாது. அந்த நாட்டுக் கடலை மறைவிடமாக வைத்துக்கொண்டு எதிரியைத் தாக்குவதும் குற்றம்.

கெடு முடிந்தும் கப்பல் போகாவிட்டால்?

பிடித்து வைக்கலாம். யுத்தம் முடியும்வரை கப்பல் கடலுக்குப் போக முடியாதபடி செய்யலாம். மாலுமிகளையும் கூடவே தடுத்து வைக்கலாம். அவர்கள் கைதிகள் அல்ல. குற்றவாளிகளும் அல்ல. ஆனாலும் அனுமதி இல்லாமல் அந்த நாட்டை விட்டுப் போக முடியாது. தப்ப மாட்டோம் என்று வாக்குக் கொடுக்கும் அதிகாரிகளை வெளியே நடமாட விடலாம்.

நடுநிலை நாட்டுக்கு இது உரிமை மட்டும் அல்ல. தலைவலியும்கூட. ஒரு பக்கத்துக் கப்பலை அதிக நேரம் தங்கவிட்டால் மறுபக்கம் சண்டைக்கு வரும். நியாயம் இல்லாமல் பிடித்து வைத்தால் கப்பலுக்குச் சொந்தக்காரன் சண்டைக்கு வருவான். துறைமுக அதிகாரியின் கையில் ஒரு கடிகாரம்தான் இருக்கும். எதிரே வரிசையாகப் பீரங்கிகள் இருக்கும்!

டச்சுக்காரர் காவல்

1914 ஆகஸ்டு மாதக் கடைசி. எம்டன் பசிபிக் கடலிலிருந்து கிளம்பி டச்சுத் தீவுகளுக்குள் வந்தது. செலிபீசுக்குத் தெற்கே ஜம்பியா என்ற சின்னத் தீவு. அங்கே கரி ஏற்றலாம் என்று முல்லர் திட்டம் போட்டிருந்தார். போய்ப் பார்த்தால் அங்கே டிராம்ப் என்ற டச்சுப் போர்க்கப்பல் காவல் நின்றது. டச்சுக் காப்டன் மரியாதையாகப் பேசினார். ஆனால் நடுநிலைச் சட்டத்தைக் கண்டிப்பாக நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். எம்டன் கரி ஏற்றாமலே கிளம்பியது.

எம்டனுக்கு மூன்று புகைபோக்கி. பிரிட்டிஷ் கப்பல்கள் சிலவற்றுக்கு நான்கு. எம்டன் மாலுமிகள் கித்தான் துணியால் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றைக் கட்டி நிறுத்தினார்கள். தூரத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரியே இருந்தது. அந்த வேஷத்தில் சுமத்ராவின் மேற்குக் கரை ஓரமாக வந்தது. ஹாம்ப்ஷயர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதே கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டும் சந்திக்கவில்லை.

செப்டம்பர் 4-ந்தேதி வாக்கில் எம்டன் சுமத்ராவுக்கு மேற்கே சிமலூர் தீவின் குடாவுக்குள் புகுந்தது. மார்க்கோமானியா என்ற ஜெர்மன் கரிக்கப்பல் கூடவே வந்திருந்தது. அதிலிருந்து கரியை மாற்றினார்கள். வெயிலில் மாலுமிகள் மூட்டை மூட்டையாகச் சுமந்தார்கள். ஒரு டச்சு அதிகாரி படகில் வந்து சேர்ந்தார். நேரம் முடிந்தது, கிளம்ப வேண்டும் என்றார். முல்லர் மறுபேச்சுப் பேசவில்லை. கப்பலைக் கிளப்பினார்.

நேராக வந்து சேர்ந்த இடம் வங்காள விரிகுடா.

பதினெட்டு நாள் கழித்துச் சென்னையில் எண்ணெய் எரிந்தது. அன்று சிமலூரிலேயே எம்டனைப் பிடித்து வைத்திருந்தால் சென்னையில் செத்தவர்கள் பிழைத்திருப்பார்கள் அல்லவா என்று கேட்கத் தோன்றும். ஆனால் சட்டம் கப்பலின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை. மணியைத்தான் பார்க்கிறது. 'போ' என்றதும் போகிற கப்பலைப் பிடித்து வைக்க டச்சுக்காரருக்கு உரிமை இல்லை. அங்கே கரி ஏற்றியதே சரிதானா என்று வாதாடலாம். அந்தக் குடாவில் டிராம்ப் போல ஒரு போர்க்கப்பல் நின்றிருந்தால் வாதாடியும் இருப்பார்கள். படகில் வந்த ஓர் அதிகாரியால் என்ன செய்ய முடியும்?

விட்ட கப்பல் வாய் திறந்தது

வங்கக் கடலில் எம்டனுக்கு வேட்டை. செப்டம்பர் 10 முதல் 14 வரை பல பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. அவற்றில் ஒன்றில் டன் கணக்கில் தேயிலை இருந்தது. அவ்வளவும் கடலுக்குப் போயிற்று. மூழ்கடிக்கும் முன்பு ஆட்களை எல்லாம் பத்திரமாக இறக்கினார் முல்லர். அந்த விஷயத்தில் எதிரிகளே அவரைப் புகழ்ந்தார்கள்.

இங்கேயும் நடுநிலைச் சட்டம் குறுக்கே வந்தது. கபிங்கா என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தார்கள். அதில் இருந்த சரக்கு அமெரிக்கருடையது. அமெரிக்கா அப்போது நடுநிலை. சரக்கை மூழ்கடித்தால் ஜெர்மனி நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். முல்லர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பிடித்த மாலுமிகளை எல்லாம் அதில் ஏற்றி விட்டுவிட்டார். அந்தக் கப்பல் காப்டனின் மனைவியும் குழந்தையும்கூட அதில் இருந்தார்கள்.

லொரெடானோ என்ற இத்தாலிக் கப்பல் குறுக்கிட்டது. இத்தாலியும் அப்போது நடுநிலை. பிடித்து வைக்க முடியாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டு அதைப் போகவிட்டார்கள். ஹூக்ளி ஆற்று முகத்துக்குப் போனதும் அந்தக் காப்டன் முதல் வேலையாகச் சொல்லிவிட்டார்! கல்கத்தாவிலிருந்து தந்தி பறந்தது. எம்டன் வங்கக் கடலில் இருக்கிறது என்ற செய்தி அப்போதுதான் பிரிட்டிஷாருக்குத் தெரிந்தது. தெரிந்தும் சென்னையில் விளக்குகள் எரிந்தன என்பதுதான் வேதனை.

சென்னைக்குப் பிறகு எம்டன் புதுச்சேரிப் பக்கம் போயிற்று. இலங்கையைச் சுற்றியது. கொழும்புக்கு அருகே கப்பல்களைப் பிடித்தது. அக்டோபரில் டீகோ கார்சியா தீவுக்குப் போயிற்று. அங்கே இருந்தவர்களுக்கு யுத்தம் தொடங்கியதே தெரியாது! அக்டோபர் 28-ல் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-ந்தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் மாட்டிக்கொண்டது. சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டன் பவளப் பாறை மேல் ஏறி நின்றது. அதன் ஆட்களில் 130 பேருக்கு மேல் மாண்டார்கள். முல்லர் சிறைப்பட்டார்.

ஐம்பது பேர், ஒரு பாய்மரம்

எம்டன் அழிந்த வேளையில் மூக்கே கப்பலில் இல்லை. தீவில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க அவரையும் சேர்த்து 50 பேர் கரைக்கு இறங்கியிருந்தார்கள். தங்கள் கப்பல் சுடப்படுவதைக் கரையிலிருந்து பார்த்தார்கள். தீவில் ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பல் ஒன்று நின்றது. 97 டன். மூக்கே அதைக் கைப்பற்றினார். ஜெர்மன் கொடியை ஏற்றினார். அன்று மாலையே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு வாரத்துக்கு மேல் கடலில். குடிக்க மழைத் தண்ணீர். உடுத்த கந்தல். சுமத்ராவை நெருங்கியதும் லிங்ஸ் என்ற டச்சு நாசகாரிக் கப்பல் பின்தொடர்ந்தது. எங்கே திரும்பினாலும் அதுவும் திரும்பியது. நவம்பர் 27-ல் ஆயிஷா பாடாங் துறைமுகத்துக்குள் நுழைந்தது.

அங்கே ஒரு விசித்திரமான வழக்கு எழுந்தது. ஆயிஷா போர்க்கப்பலா? இல்லையா?

டச்சு அதிகாரிகள் சொன்னது இது: "இது நீங்கள் பிடித்துக்கொண்டு வந்த கப்பல். பிடிபட்ட கப்பல்களுக்கு இங்கே இடம் இல்லை." இந்தப் பேச்சை ஒப்புக்கொண்டால் மூக்கேயின் கதை முடிந்துவிடும். பிடிபட்ட கப்பலைத் தகுந்த காரணம் இல்லாமல் நடுநிலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தால், கப்பலை விடுவித்துவிட்டு, அதைப் பிடித்து ஓட்டிவந்த ஆட்களைத் தடுத்து வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஐம்பது பேரும் யுத்தம் முடியும்வரை சுமத்ராவில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூக்கே விடவில்லை. "இது ஜெர்மன் சக்கரவர்த்தியின் போர்க்கப்பல். நான் அதன் காப்டன். கொடி பறக்கிறது. ஆயுதம் இருக்கிறது. இது எப்படி என் கைக்கு வந்தது என்பதை என் மேலதிகாரிகளிடம் சொல்லிக்கொள்வேன்" என்ற தோரணையில் வாதாடினார். போர்க்கப்பலுக்கு உரிய 24 மணி நேரத்தைக் கேட்டார்.

உண்மையில் அவரிடம் இருந்தவை நான்கு இயந்திரத் துப்பாக்கிகள். சில டஜன் துப்பாக்கிகளும் கைத்துப்பாக்கிகளும். அவ்வளவுதான். சட்டமோ கப்பல் எவ்வளவு பெரியது என்று கேட்பதில்லை. ஒரு நாட்டின் கடற்படை அதிகாரி தலைமையில், அந்த நாட்டுக் கொடியுடன் வந்தால் அது போர்க்கப்பல்தான். ஓட்டைப் பாய்மரமாக இருந்தாலும் சரி.

டச்சுக்காரர் 24 மணி நேரம் கொடுத்தார்கள். "பேசாமல் இங்கேயே தங்கிவிடுங்கள். வெளியே போனால் பிரிட்டிஷார் கொன்றுவிடுவார்கள்" என்று நல்ல வார்த்தையும் சொன்னார்கள். தண்ணீரும் சாப்பாடும் கொடுத்தார்கள். கடல் வரைபடம் கேட்டபோது மறுத்தார்கள். உடுதுணி கேட்டபோது மறுத்தார்கள். சோப்பும் பல் துலக்கும் பிரஷும் கேட்டார்கள். அதற்கும் மறுப்பு! கப்பலின் போர் வலிமையை எதுவும் கூட்டக் கூடாது என்பது சட்டம். பல் துலக்கினால் போர் வலிமை எப்படிக் கூடும் என்பது அந்த அதிகாரிகளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது. சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷார் ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

28-ந்தேதி மாலை, கெடு முடிவதற்குள் ஆயிஷா கிளம்பியது. டிசம்பர் மாதம் நடுக்கடலில் சோய்சிங் என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலைச் சந்தித்தது. மாலுமிகள் அதில் ஏறிக்கொண்டு ஆயிஷாவை மூழ்கவிட்டார்கள். 1915 ஜனவரியில் அரேபியக் கரையில் இறங்கினார்கள். பாலைவனத்தில் சண்டையிட்டும் ஒட்டகத்தில் ஏறியும் மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிள் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிலர் இறந்தனர்.

கடிகாரத்தை வைத்து ஒரு சூழ்ச்சி

இந்தச் சட்டத்தைக் கொண்டு எதிரியைக் கட்டிப்போடவும் முடியும். இரண்டாவது உலக யுத்தத்தில் அது நடந்தது. 1939 டிசம்பர் 13-ந்தேதி கிராப் ஸ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பல் மூன்று பிரிட்டிஷ் தரப்புக் கப்பல்களுடன் சண்டையிட்டது. அடிபட்டுத் தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ துறைமுகத்துக்குள் ஒதுங்கியது. உருகுவே நடுநிலை. பழுது பார்க்க 72 மணி நேரம் கொடுத்தது.

ஹேக் உடன்படிக்கையில் இன்னொரு விதி உண்டு. எதிரி நாட்டு வியாபாரக் கப்பல் துறைமுகத்திலிருந்து கிளம்பினால், 24 மணி நேரம் கழியும்வரை போர்க்கப்பல் கிளம்பக் கூடாது. துரத்திப் பிடிக்காமல் இருப்பதற்காக அந்த விதி. பிரிட்டிஷார் தங்கள் வியாபாரக் கப்பல்களை நாளுக்கு ஒன்றாகக் கிளப்பினார்கள்! உதவிக்குப் பெரிய கப்பல்கள் வரும்வரை ஜெர்மானியரைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பது திட்டம். பெரிய கப்பல்கள் வந்துவிட்டன என்ற வதந்தியையும் பரப்பினார்கள். காப்டன் லாங்ஸ்டார்ப் நம்பிவிட்டார். 17-ந்தேதி மாலை கப்பலை ஆற்று முகத்துக்கு ஓட்டிப் போய்த் தாமே வெடிவைத்துத் தகர்த்தார். மாலுமிகள் அர்ஜென்டினாவில் தடுத்து வைக்கப்பட்டனர். 20-ந்தேதி அவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அதே யுத்தத்தில் இந்தியாவிலும் நடுநிலைத் துறைமுகம் ஒன்று இருந்தது. கோவாவின் மர்மகோவா. அப்போது கோவா போர்ச்சுக்கல் கையில். எஹ்ரன்பெல்ஸ் முதலிய மூன்று ஜெர்மன் கப்பல்களும் ஓர் இத்தாலியக் கப்பலும் அங்கே ஒதுங்கின. அவை வியாபாரக் கப்பல்கள். 24 மணி நேரச் சட்டம் அவற்றைக் கட்டாது. வருஷக் கணக்கில் நின்றன. எஹ்ரன்பெல்சிலிருந்து ரகசிய ரேடியோ மூலம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி போவதாகப் பிரிட்டிஷார் சந்தேகித்தார்கள். 1943 மார்ச் 9-ந்தேதி இரவு, கல்கத்தாவிலிருந்து பழைய மண் அள்ளும் கப்பல் ஒன்றில் வந்த ஒரு கூட்டம் அந்தக் கப்பலைத் தாக்கியது. வந்தவர்கள் பலரும் கல்கத்தா கம்பெனிகளில் வேலை பார்த்த நடுத்தர வயதுக்காரர்கள்! நான்கு கப்பல்களும் எரிந்து மூழ்கின. நடுநிலைத் துறைமுகத்துக்குள் நடந்த இந்தத் தாக்குதல் சட்ட விரோதம். அதனால்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதை வெளியே சொல்லாமல் மூடி வைத்தார்கள்.

எம்டனின் முதல் பலி

எம்டன் கடைசிவரை எந்தத் துறைமுகத்திலும் தடுத்து வைக்கப்படவில்லை. ஆனால் அது முதன்முதலில் பிடித்த கப்பலுக்கு அந்தக் கதி வந்தது.

1914 ஆகஸ்டு 4-ந்தேதி, யுத்தம் மூண்ட கையோடு, கொரியாவுக்கு அருகே ரியாசான் என்ற ரஷ்யக் கப்பலை எம்டன் பிடித்தது. சீனாவில் ஜெர்மானியர் கையில் இருந்த சிங்டாவ் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அதற்குப் பீரங்கிகள் பொருத்தினார்கள். கார்மொரான் என்று பெயர் மாற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள்.

கார்மொரானுக்கு எம்டனின் அதிர்ஷ்டம் இல்லை. கரி கிடைக்காமல் அலைந்தது. டிசம்பர் 14-ந்தேதி பசிபிக் கடலில் அமெரிக்கரின் குவாம் தீவுக்குள் வந்து நின்றது. கரி கேட்டது. கேட்ட அளவு கிடைக்கவில்லை. கிளம்ப வழி இல்லை. கெடு முடிந்தது. அமெரிக்கர்கள் சட்டப்படி கப்பலையும் அதன் ஆட்களையும் தடுத்து வைத்தார்கள்.

இரண்டு ஆண்டுக்கு மேல் அவர்கள் அங்கே இருந்தார்கள். தீவு மக்களோடு பழகினார்கள். 1917 ஏப்ரலில் அமெரிக்காவே ஜெர்மனிக்கு எதிராக யுத்தத்தில் இறங்கியது. நடுநிலை போயிற்று. ஏப்ரல் 7-ந்தேதி கப்பலை ஒப்படைக்கும்படி அமெரிக்கர் கேட்டார்கள். ஆட்களைத் தருகிறேன், கப்பலைத் தர மாட்டேன் என்றார் ஜெர்மன் காப்டன். வெடிவைத்துக் கப்பலைத் தகர்த்தார். மாலுமிகள் சிலர் மூழ்கி இறந்தார்கள். மற்றவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கி எடுத்தவர்கள் அமெரிக்கர்கள். தூக்கிய கையோடு கைதியாக்கினார்கள்.

கார்மொரான் இன்னும் குவாம் துறைமுகத்தின் அடியில் கிடக்கிறது. 1943-ல் அதே இடத்தில் டோக்காய் மாரு என்ற ஜப்பானியக் கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. அது வந்து கார்மொரான் மீது சாய்ந்து நிற்கிறது. முத்துக் குளிப்பவரைப் போல மூச்சடக்கி அல்ல, காற்றுக் குப்பி கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள், ஒரு கையால் முதல் யுத்தத்துக் கப்பலையும் மறு கையால் இரண்டாம் யுத்தத்துக் கப்பலையும் தொட்டுவிட்டு மேலே வருகிறார்கள்.